அம்மா ஷிப்மென்ட்டில் இருக்கிறார்

திருப்பூரில் குழந்தைகள் உடுப்பு தைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் ஊசி உடைந்தால், அத்தனை துண்டுகளையும் தேடிப் பொறுக்க வேண்டும். நோட்டில் டேப் போட்டு ஒட்டி, நேரமும் மெஷின் நம்பரும் எழுதிக் கையெழுத்து வாங்கினால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் பக்கத்தில் கிடக்கும் பீஸ்களையெல்லாம் சோதித்தாக வேண்டும். எந்த நாட்டுப் பிள்ளைக்கும் குத்திவிடக் கூடாதல்லவா? அவிநாசியில் ஒரு வீட்டில் இதே சட்டம் செல்போன் கண்ணாடிக்கும் அமலில் இருக்கிறது.

அந்த வீட்டம்மா திருப்பூரில் மெர்ச்சண்டைசர். பத்தாவது படிக்கும் மகள் போனைக் கீழே போட்டு, மேலே ஒட்டிய கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "உடைஞ்சதெல்லாம் பொறுக்கீட்டயா அம்மிணி?" என்பதுதான் முதல் கேள்வி. மகள் சளைத்தவள் இல்லை. சில்லுகளைக் கிராஃப் தாளில் ஒட்டி, தேதி போட்டு நீட்டினாள். பழக்க தோஷத்தில் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்புறம் புதுசு வாங்கித் தராமல் முடியுமா?

மெர்ச்சண்டைசர் என்பவர் வாங்குகிற பையருக்கும் தைக்கிற கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவர். சாயப்பட்டறையில் நீலம் ஒரு சாயல் கூடினாலும், டைலர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனாலும், பட்டன் வந்து சேராவிட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். தூத்துக்குடியில் கப்பலைக் கோட்டைவிட்டால் சரக்கை விமானத்தில் ஏற்ற வேண்டும். செலவு பெரும்பாலும் கம்பெனி தலையில். அந்த ஆர்டரின் லாபமும் அதே விமானத்தில் போய்விடும்.

ஷிப்மென்ட் வாரத்தில் சமையல் அப்பாவுடையது. மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் அவருக்குத் தெரிந்த ஒரே சமையல் அரிசிம்பருப்பு சாதம். திங்கள் முதல் சனி வரை அதுதான். "நல்லாருக்குதுங்கப்பா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பிள்ளைகள் ஊறுகாய் பாட்டிலைத் தேடுவார்கள்.

பிளஸ் டூ படிக்கும் மகன் அம்மாவின் தொழில் நுணுக்கங்களைக் காதால் கேட்டே கற்றவன். இரண்டாயிரம் பீஸ் சரக்கென்றால் இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. ஏக்யூஎல் 2.5 என்ற தரக் கணக்கில் 125 பீஸ் எடுப்பார். பெரிய குறை 7 வரை இருந்தால் பாஸ். எட்டாவது அகப்பட்டால் மொத்த லாட்டும் ரிஜெக்ட். கணக்கில் ஃபெயிலான அன்று மகன் இதையே எடுத்து விட்டான்.

"ஆறு பாடத்துல ஒண்ணுதானுங்மா போச்சு. ஏக்யூஎல் பிரகாரம் பாஸ் பண்ணி உடுங்."

அம்மா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆறுல ஒண்ணுன்னா பதினாறு பர்சென்ட்டுக்கு மேல டிபெக்ட் சாமி. லாட் ரிஜெக்ட்."

2024 பிளஸ் டூ தேர்ச்சியில் 97.45 சதவீதத்தோடு மாநிலத்தில் முதலில் வந்த மாவட்டம் திருப்பூர். இங்கே கணக்கில் ஃபெயிலான பையன் ஒறம்பரை வீட்டு விசேஷத்தில் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியாது.

அந்த வீட்டு ராத்திரியை நடத்துவது நியூயார்க். அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே மாலை ஆறரை. நவம்பரில் அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியதும் ஏழரை. மார்ச்சில் மறுபடி ஆறரை. அவிநாசியில் வட்டல் வைக்கும் நேரமும் கூடவே நகரும். நடுராத்திரி தாண்டியும் பையரிடமிருந்து மெயில் வரும். பிள்ளைகளுக்கோ அதுதான் பொற்காலம். "படிச்சாச்சா?" "ஆச்சுங்." விசாரணை முடிந்தது.

2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குக்கான வரியை 50 சதவீதமாக்கியது. ஆர்டர்கள் நின்றன. திருப்பூருக்கு அது பலத்த அடி. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. இந்த வீட்டில் மட்டும் அடி வேறு இடத்தில் விழுந்தது. அம்மா சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார், கையில் வேலையில்லாமல், செக்கிங் கண்ணோடு. அலமாரி, ஸ்கூல் பை, போனில் ஸ்கிரீன் டைம் என்று நூற்றுக்கு நூறு பரிசோதனை. சாம்பிள் எடுக்கிற பேச்சே இல்லை. அப்பா கடையில் திடீரென்று ராத்திரி வேலை கூடிவிட்டது. பிள்ளைகள் அவிநாசியப்பர் கோயிலுக்குப் போய், டிரம்ப் மனசு மாற வேண்டிக்கொண்டார்கள்.

அதற்கு முந்தைய மாதம்தான் இந்தியா பிரிட்டனோடு வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தது. இனி லண்டன் பையர்களைப் பிடிக்கலாம் என்று கம்பெனியில் பேச்சு. அம்மா முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் வெளிச்சம். மகள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். லண்டனில் ஐந்து மணிக்கு ஆபீஸ் மூடினால் இங்கே ஒன்பதரை.

"அப்பறமேட்டுக்கு அம்மா சும்மாதான் இருப்பாங்கண்ணா" என்று கிசுகிசுத்தாள்.

இருவருக்கும் பொழுது விடிவதே ஒன்பதரைக்குத்தான். மகன் சித்த நேரம் யோசித்துவிட்டு, "ஏனுங்மா, ஆஸ்திரேலியா பையர் ஆருமில்லீங்ளா?" என்றான்.

"இருக்கறாங்க சாமி. சிட்னில ஒம்பது மணின்னா நமக்கு விடியக்காலம் நாலரை. உங்களையும் எழுப்பி உட்டர்றேன், உக்காந்து கணக்குப் போடுங்க."