கேப்பிட்டல் தியேட்டரில் கல்லெறிந்தவர்களுக்கு ஒரு விருது

அமரவிளைச் சாவடியில் சாராயத்தைத் தேடுவார்கள். களியக்காவிளையில் ரேஷன் அரிசியைத் தேடுவார்கள். பறவைக் காய்ச்சல் வந்தால் கோழி வண்டியைத் திருப்புவார்கள். கொரோனா வந்தபோது மனிதனையே திருப்பினார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் அந்தப் பக்கம், நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் என்று பாகப்பிரிவினை நடந்ததிலிருந்து, திருப்புறம், பாறசாலை பக்கத்துக்காரர்களான எங்களுக்கு இந்த மறிப்பதும் விடுவதும் பழகிப்போன சங்கதி. இத்தனை சோதனையிலும் ஒருமுறைகூட மறிக்கப்படாமல், ரசீது காட்டாமல், இரண்டு திசையிலும் தாராளமாகப் போய்வரும் சரக்கு ஒன்று உண்டு. அதுதான் சாதி. ஜி.எஸ்.டி.யும் அதற்குக் கிடையாது.

எல்லைக் கோடு விழுவதற்குக் கால் நூற்றாண்டு முன்னால், நெய்யாற்றின்கரை வழியாக நாகர்கோவிலுக்குப் போகும் இந்தச் சாலையில் ஒரு லாரி போனது. மலையாள சினிமாவின் முதல் கதாநாயகி அதில் இருந்தார். தன் படத்தைப் பார்த்த ஜனங்களிடமிருந்து உயிரைக் காப்பாற்றிக்கொண்டு போனார். இன்றைய நடிகைகளும் கூட்டத்துக்குப் பயந்து பின்வாசலில் காரேறுவதுண்டு. பி.கே.ரோஸிக்குப் பின்வாசல் இருந்த குடிசையையே கொளுத்திவிட்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

1903இல் திருவனந்தபுரம் நந்தன்கோட்டில், புலையர் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றவர்கள் இட்ட பெயர் ராஜம்மா. புல்லறுத்துப் பிழைத்தார். மாலையானால் காக்காரிசி நாடகம். தெற்குத் திருவிதாங்கூர்க்காரர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை: சிவனும் பார்வதியும் குறி சொல்லிப் பிழைக்கிற காக்கானும் காக்காத்தியுமாக ஊருக்குள் வருகிற கூத்து, தமிழும் மலையாளமும் ஒரே பாட்டில் கலந்து புரளும். ஆண்களே பெண் வேடம் கட்டிக்கொண்டிருந்த அந்தக் கூத்தில் ராஜம்மா துணிந்து ஏறி ஆடினார். சாமி கதையில் ஒரு புலையப் பெண் ஆடியதற்குக் கைலாசத்திலிருந்து கல் எதுவும் வந்ததாகத் தகவல் இல்லை. பார்வதிக்கு வராத கோபம், பிறகு ஒரு நாயர் வீட்டு வேடத்துக்காக வந்தது.

ஜே.சி.டேனியல் அகஸ்தீஸ்வரத்து நாடார். கிறிஸ்தவர். பிற்காலத்தில் பல் வைத்தியம் பார்த்தவர், வாள்வீச்சிலும் களரியிலும் பித்து. சினிமா கற்கச் சென்னைக்குப் போனார். ஸ்டூடியோ வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். பம்பாய்க்குப் போய், நான் கேரளத்து வாத்தியார், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்க்க வந்தேன் என்று பொய் சொல்லி உள்ளே நுழைந்தார். நிலத்தை விற்றுக் காசாக்கி, பட்டத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்று பலகை மாட்டினார். படம் 'விகதகுமாரன்', மௌனப் படம். பணக்கார வீட்டுப் பிள்ளையைக் கடத்தி இலங்கைத் தோட்டத்தில் கூலியாக விட்டுவிடுகிற கதை. நாயகன் டேனியலே. நாயகிக்குப் பம்பாயிலிருந்து ஒருத்தியை வரவழைத்துப் பார்த்தார், சரிப்படவில்லை. உள்ளூர்க் குலப்பெண்கள் யாரும் காமிரா முன்னால் வரமாட்டார்கள், மானம் போய்விடுமாம். அந்த மானத்தைக் காப்பாற்றிக்கொடுக்க வந்தவர்தான் புல்லறுப்புக்காரி. கூலி நாளுக்கு ஐந்து ரூபாய் என்பார்கள். ராஜம்மா திரையில் ரோஸி ஆனார். ரோஸி கதையில் சரோஜினி என்ற நாயர்ப் பெண் ஆனார்.

படம் வெளியானது 1928 நவம்பர் 7 என்பது ஒரு கட்சி. 1930 அக்டோபர் 23 என்பது மறுகட்சி. ஆராய்ச்சியாளர்கள் இதில் கட்டிப்புரண்டு சண்டை போட்டிருக்கிறார்கள், போடட்டும். எந்தத் தேதியை எடுத்துக்கொண்டாலும் எறிந்த கல்லின் எடை மாறப்போவதில்லை.

திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டர். திறந்துவைத்தவர் பெரிய வக்கீல் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை. பெரிய மனிதர்கள் வருகிற இடம் என்பதால் படத்தின் நாயகிக்கு மட்டும் அழைப்பு இல்லை. அவர் வந்தால் நாங்கள் உட்காரமாட்டோம் என்ற பேச்சு இருந்ததாகச் சொல்கிறார்கள். தன் முகத்தைத் தான் பார்ப்பதற்கே தகுதியற்றவர். உள்ளே விளக்கணைந்தது. நாயகன் நாயகியின் கூந்தலில் இருந்த பூவை எடுத்து முத்தமிடுகிறான். பூவைத்தான். முத்தம் அந்தப் பெண்ணின் கன்னத்தைக்கூடத் தொடவில்லை. அதற்குள் கல் பறந்தது, திரை கிழிந்தது. புலையத்தி நாயர் வேடம் கட்டுவதா? பிறகு ஆளைத் தேடிப் போனார்கள், குடிசைக்குத் தீ வைத்தார்கள்.

அப்போது திருவிதாங்கூரை ஆண்டுகொண்டிருந்தவர் சேது லட்சுமி பாய், ஒரு பெண். வைக்கத்துப் போராட்டம் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஐயன்காளி 1911இலேயே பிரஜா சபையில் புலையர்களின் பிரதிநிதியாக உட்கார்ந்துவிட்டார். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் அருவிப்புறத்தில் நாராயண குரு சிவனைப் பிரதிஷ்டை செய்து நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. நாட்டுக்கு ‘மாதிரி சமஸ்தானம்’ என்று பட்டம் வேறு. மாதிரி பிரமாதம்தான்.

எனக்கு இதில் புதுமையாக எதுவும் படவில்லை. பழைய சட்டத்தின் ஒரு ஷரத்தை ஜனங்கள் ஞாபகமாக நிறைவேற்றினார்கள், அவ்வளவே. தோள்சீலைக் கலகம் எங்கள் பக்கத்துக் கதை. நாடார்ப் பெண்கள் மார்பை மூடினார்கள் என்று சந்தையில் துணியைக் கிழித்தவர்கள், கடைசியில் 1859இல் இறங்கிவந்து ஒரு ராஜ விளம்பரம் போட்டார்கள்: சாணார்ப் பெண்கள் இனி மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது. கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். மூடு, எங்களைப் போல மூடாதே. எழுபது ஆண்டுகள் கழித்து, அதே நாடார் சாதியில் பிறந்த ஒருவர் ஒரு புலையப் பெண்ணுக்கு நாயர் வீட்டு முண்டும் நேரியதும் உடுத்திக் காமிரா முன்னால் நிறுத்துகிறார். ராஜா ரத்து செய்ய மறந்த ஷரத்தை நாலணா டிக்கெட்காரன் மறக்கவில்லை. பெண்ணின் உடம்பில் துணி இருந்தால் ஒரு கல், இல்லாவிட்டால் ஒரு பேச்சு, மற்றவன் துணியாக இருந்தால் வீட்டுக்கே தீ. இவ்வளவு கவனமாகத் துணியை ஆராய்ந்த சமூகம் நெசவில் ஏன் முன்னேறவில்லை என்பது பாலராமபுரத்து நெசவாளர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

லாரிக்குத் திரும்புவோம். அதை ஓட்டியவர் பெயர் கேசவ பிள்ளை. நாகர்கோவிலில் ரோஸி அவரை மணந்துகொண்டார், மறுபடி ராஜம்மாள் ஆனார். பிறகு அவர் சினிமாப் பக்கம் தலைவைக்கவில்லை. நாயர் வீட்டு மருமகளாக, நாயர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாயாக, கோயிலுக்குப் போய், திருநீறு பூசி, பழையதை ஒருவரிடமும் வாய்திறக்காமல் வாழ்ந்து, 1988இல் செத்துப்போனார் என்கிறார்கள். கேப்பிட்டலில் சில நிமிடங்கள் கட்டியதற்காக உயிரோடு கொளுத்தப் பார்த்தார்களே, அதே வேடத்தை அரை நூற்றாண்டுக்கு மேல், ஒத்திகையில்லாமல், கூலியில்லாமல், இடைவேளையில்லாமல் நடித்தார். அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வேடம் பொருந்தாது என்று கத்திய விமர்சகர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

டேனியல் கதி வேறு மாதிரி. கடனில் ஸ்டூடியோ போனது. படச்சுருள் பெட்டியில் கிடந்தது. வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் சின்ன வயதில் அதைத் துண்டு துண்டாகக் கொளுத்தி விளையாடிவிட்டார். நீல ஜுவாலை அழகாக இருந்ததாம். குழந்தையை மன்னித்துவிடலாம், பெரியவர்கள் செய்ததைத்தான் செய்தது. வயதான காலத்தில் டேனியல் கேரள அரசிடம் கலைஞர் உதவித்தொகை கேட்டார். அகஸ்தீஸ்வரம் தமிழ்நாட்டில் இருக்கிறது, அங்கே போய்க் கேள் என்றார்கள். சாதி தாண்டிவரும் கோடு, உதவித்தொகை தாண்டமுடியாத கோடாக மாறுகிற வித்தையை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் தலையிலடித்துக்கொண்டு எழுதியதெல்லாம் காதில் ஏறுவதற்கு நாளாயிற்று. 1975இல் டேனியல் இறந்தார். செத்தவர் உதவித்தொகை கேட்கமாட்டார் என்று உறுதியானதும் மலையாள சினிமாவின் தந்தை ஆக்கப்பட்டு, 1992 முதல் அவர் பெயரில் வருடாவருடம் விருது.

ரோஸிக்கும் அதிர்ஷ்டம் திரும்பியது. குன்னுகுழி எஸ்.மணி போன்ற ஒருசிலர் பல காலம் தனியாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு வினு ஆப்ரகாமின் நாவல், 2013இல் மலையாள இயக்குநர் கமலின் 'செல்லுலாய்ட்' படம், அதற்கு மாநில விருதுகள். 2019இல் திரைத்துறைப் பெண்கள் அமைப்பு தன் திரைப்படச் சங்கத்துக்கு அவர் பெயரை வைத்தது, சென்னையில் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. இவர்களைக் கும்பிடுகிறேன். 2023 பிப்ரவரி 10ஆம் தேதி கூகுள் தன் முகப்பில் அவரை வரைந்தது. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் முகப்புப் படமே அவருக்கு அஞ்சலி. கேப்பிட்டல் இருந்த அதே ஊர், ஒவ்வொரு காட்சிக்கு முன்னாலும் ரோஸி, கைதட்டல். தட்டிய கைகள் எத்தனை சுத்தம்!

அந்தச் சுத்தத்துக்கு அளவுகோல் வேண்டுமென்றால் எட்டு மாதம் தள்ளிப் போக வேண்டும். 2025 ஆகஸ்டில் அதே ஊரில் அரசு கூட்டிய திரைக் கொள்கை மாநாட்டின் நிறைவு மேடையில், இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன் எழுந்து, பட்டியல் சாதியினரும் பெண்களும் படமெடுக்க அரசு கொடுக்கும் ஒன்றரைக் கோடி அதிகம், அவர்களுக்கு முதலில் மூன்று மாதமாவது தீவிரப் பயிற்சி வேண்டும் என்றார். கூட்டத்திலேயே எழுந்து மறுத்தவர் பாடகி புஷ்பவதி. அடூர் 2016ஆம் ஆண்டுக்கான ஜே.சி.டேனியல் விருதைப் பெற்றவர். எந்த டேனியல்? ஒருநாள்கூடப் பயிற்சி தரப்படாமல் வாசலோடு துரத்தப்பட்டு, பொய் சொல்லி நுழைந்து, சினிமாப் பயிற்சியே இல்லாத ஒரு புல்லறுப்புக்காரியை வைத்து முதல் படம் எடுத்த அந்த டேனியல்.

நடிகைகள் தங்கள் தொழிலில் படுகிற பாட்டை விசாரித்த ஹேமா கமிட்டியும் இதே ஊரில்தான் அறிக்கை கொடுத்தது, 2019 டிசம்பர் 31ஆம் தேதி. வெளியே விட்டது 2024 ஆகஸ்ட் 19. நாலரை வருஷத்துக்கு மேல் அலமாரியில் பூட்டிவைத்து, பிறகு பக்கம் பக்கமாக மறைத்துக் கொடுத்தார்கள். கல்லெறிய ஆள் திரளுவதற்குச் சில நிமிடங்கள் போதுமாக இருந்தன.

இந்த விருது மழையில் நனையாமல் ஒதுங்கி நிற்கிற ஒரு கூட்டத்தை நினைத்தால்தான் எனக்குப் பொறுக்கவில்லை. டேனியலுக்கு விருது, ரோஸிக்கு விழா. கல்லெறிந்த பெருமக்களுக்கு என்ன செய்தோம்? மலையாளத்தின் முதல் சினிமா ரசிகர்கள் அவர்கள். முதல் விமர்சகர்கள். கத்தரிக்கோல் இல்லாமலே தணிக்கை செய்து காட்டிய முதல் தணிக்கைக் குழு. இன்று ஒரு படம் வெளியாகுமுன்பே முற்றுகை, போஸ்டர் எரிப்பு, நடிகையின் தலைக்கு விலை என்று இந்தியா முழுதும் செழித்திருக்கிற கலைக்கு முன்னோடிகள் கேப்பிட்டலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். 'விகதகுமாரன்' படத்தில் வில்லனாக நடித்த ஜான்சனை நினைவு வைத்திருக்கிறோம். அவர் மகள் பி.எஸ்.சரோஜா 1951இல் 'ஜீவித நௌகா'வில் நாயகியாகிக் கொடிகட்டிப் பறந்ததையும் நினைவு வைத்திருக்கிறோம். திரையில் வில்லனாக நடித்தவருக்கு வரலாற்றில் ஒரு வரி உண்டு. திரைக்கு எதிரே நின்று நடிக்காமலே வில்லத்தனம் செய்தவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. ஒரு பெயர், ஒரு வழக்கு எண், ஒரு ரூபாய் அபராதம், எதுவும் இல்லை. ரோஸியின் முகம் இதுதானா என்று ஒரு பழைய போட்டோவை வைத்து நாம் மாய்ந்து மாய்ந்து ஆராய்ந்தோம். எறிந்தவன் முகத்தை ஒருவரும் தேடவில்லை.

ஆகவே விருது ஒன்றை முன்மொழிகிறேன். ஐந்து லட்சமும் ஒரு பொன்னாடையும் போதும். விண்ணப்பிப்பவர், தம் பாட்டனார் அன்று கேப்பிட்டலில் இருந்தார் என்பதற்கு ஏதேனும் சான்று தர வேண்டும்: கிழிந்த டிக்கெட், குடும்பத்தில் வழங்கிவரும் பெருமைப் பேச்சு, எதுவானாலும் சரி. தீ வைத்த கையென்றால் முன்னுரிமை.

இதில்தான் எனக்கு ஒரு கவலை. வைக்கத்தில் அடிபட்ட பாட்டனார் இங்கே வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். கோயில் நுழைவுக்குக் கொடிபிடித்தவர், உப்புக் காய்ச்சியவர், திவான் சர் சி.பி.யை எதிர்த்துச் சிறை போனவர் என்று கேட்டால் ஒவ்வொரு தரவாட்டிலிருந்தும் படம் போட்ட சட்டத்தோடு வருவார்கள். அன்று திறப்பு விழாக் காட்சி பார்த்தவருக்கு மட்டும் பேரனே கிடையாது. கல் தானாகப் பறந்திருக்கிறது, குடிசை தானாகப் பற்றியிருக்கிறது. எனவே விண்ணப்பத்தின் கடைசித் தேதியை நீட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும். கட்டணம் கிடையாது. மேடைக்கு வருபவர்கள் கல்லைச் சுமந்துவர வேண்டியதில்லை, அரசே தரும். திரையும் புதிதாகக் கட்டியிருப்போம். எறிவதற்கு ஒரு பெண் வேண்டுமே என்று யாராவது கேட்டால் அதற்கும் பஞ்சமில்லை, ஹேமா கமிட்டி முன்னால் வாய்திறந்தவர்களின் பட்டியல் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.