வீட்டைத் தூக்கிக்கிட்டு மலையேறும் மாப்பிள்ளைக்கு

டென்வர்ல ஆர்.வி. வாடகைக்கு எடுத்து மலையெல்லாம் சுத்தப் போறியாமே மாப்ளே? உங்கம்மா போன்ல சொன்னா. ரொம்ப சந்தோஷம்யா. ஹோட்டல்ல ரூம் போட்டா சாவி குடுப்பான், துண்டு குடுப்பான், காலையில ரொட்டியும் காப்பியுமாச்சும் குடுப்பான். அதெல்லாம் வேண்டாம்னு படுக்கை, அடுப்பு, பிரிட்ஜ், கக்கூசு எல்லாத்தையும் சக்கரத்து மேல ஏத்தி, நீயே டிரைவராவும் ஓடப்போற. ஓய்வெடுக்கப் போறவன் இம்புட்டு வேலையைக் காசு குடுத்து வாங்கி நான் பார்த்ததில்லை. ஆனாலும் தாய்மாமன் வாயை மூடிக்கிட்டு இருந்தா நல்லாருக்காது பாரு. குமுளி மலையில லாரி ஓட்டின கை இது. டென்வரை ஒட்டின அரோராவுல மக வீட்டுக்கு வந்திருந்தப்ப அந்த மாதிரி வண்டியில முன் சீட்டைப் பிடிச்சு உக்காந்த ஆளும் நான்தான். நாலு வார்த்தை சொல்றேன். கேட்டா உனக்கு லாபம், கேக்காட்டி எனக்கு நட்டமில்லை.

முதல்ல வண்டியைப் பத்திப் பேசுவோம். ஏ கிளாஸ்னா முழு பஸ்ஸு. பி கிளாஸ்னா வேன். சி கிளாஸ்னா டிரைவர் தலைக்கு மேலயே ஒரு மெத்தை துருத்திக்கிட்டு நிக்கும், நம்ம கூண்டு வண்டிக்கு இஞ்சின் வச்ச மாதிரி. வாடகைக்கு அதிகமாக் கிடைக்கிறது இந்த சி கிளாஸ்தான். 19 அடியும் உண்டு, 30 அடியும் உண்டு. விளம்பரத்துல ஆறு பேர் தூங்கலாம்னு போட்டிருக்கும். தூங்கலாம், யாரு இல்லேன்னா? சாப்பிடுற மேசையை மடக்கி ரெண்டு பேர், சோபாவை விரிச்சு ரெண்டு பேர், டிரைவர் தலைக்கு மேல ரெண்டு பேர்னு கணக்கு போட்டிருப்பான். ராத்திரி ஒருத்தர் ஒண்ணுக்குப் போகணும்னா மத்தவங்க எல்லாரும் எந்திரிச்சு வழி விடணும், அம்புட்டுத்தான். அதனால மாமனார், மாமியார், மச்சான் எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போ. மூணு ராத்திரி கழிச்சு யாரு யாருகூடப் பேசுறாங்கன்னு எண்ணிப் பார்த்துச் சொல்லு. படுக்கையை மட்டும் எண்ணாதே, பெல்ட் வச்ச சீட்டு எத்தனைன்னும் எண்ணு. வண்டி ஓடும்போது மேல் மெத்தையில பிள்ளைகளைப் படுக்க வச்சா, பிரேக் அடிக்கிற நேரம் அதுக நேரா உன் மடிக்கு வந்து சேரும்.

உனக்குப் பெருசாத்தான் வேணும்னு தெரியும். போட்டோவுல கம்பீரமா இருக்கணுமில்ல? எடுத்துக்கோ. ஆனா ஆஸ்பென் போற வழியில இண்டிபென்டன்ஸ் பாஸ்னு ஒரு கணவாய் இருக்கு, 12,095 அடி உசரம். 35 அடிக்கு மேல நீளமான வண்டிக்கு அங்க வழியே கிடையாது. ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவுல ஓல்ட் ஃபால் ரிவர் ரோடுன்னு ஒரு ஒருவழி மண் ரோடு. அதுல 25 அடிதான் எல்லை. போர்டைப் படிக்காம பாதி தூரம் ஏறிட்டு "தெரியாம வந்துட்டேன்"னு சொன்னா, கேக்கிறதுக்கு ஆள் இருக்கலாம், திருப்புறதுக்கு இடம் இருக்காது.

டென்வர் நகரத்துக்குள்ளயும் அந்தக் கம்பீரத்தோட போய்ப் பாரு. கார் நிறுத்துற அடுக்குமாடிக் கட்டடத்து வாசல் ஏழடி சொச்சம்தான் இருக்கும். உன் வண்டி 11, 12 அடி. தைரியமா நுழைஞ்சேன்னா கூரை மேல இருக்கிற ஏ.சி. பெட்டி வாசல்லயே இறங்கிக்கும். காப்பீடு இருக்கேன்னு சிரிக்காதே. கூரைச் சேதமும், பக்கத்துல விரிக்கிற துணிப்பந்தல் கிழியிறதும் பல காப்பீட்டுல சேராது. உன் சொந்தக் காரோட காப்பீடு இந்த வாடகை வண்டிக்குச் செல்லுமான்னும் கேட்டு வச்சுக்கோ. நகரத்தைப் பார்க்கணும்னா செர்ரி கிரீக், சாட்ஃபீல்டுன்னு ஊரை ஒட்டியே ரெண்டு மாநிலப் பூங்கா இருக்கு. அங்க வண்டியைக் கட்டிப் போட்டுட்டு டாக்சியில போய் ஊரைப் பாரு. அங்க இடம் பிடிக்க ஆறு மாசம் முன்னாடியே புக்கிங் திறந்துரும். நீ வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் "ஒரு ஓரமா நிறுத்திக்கவா?"ன்னு கேளு. அங்க காவலுக்கு நிக்கிறவருக்கும் சிரிக்க ஒரு காரணம் வேணுமில்ல?

காசுக்கு வருவோம். ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னு பெரிய எழுத்துல போட்டிருப்பான். மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் ஓடுற மணிக்கு இவ்வளவு, சட்டி பானைக்கு இவ்வளவு, போர்வைக்கு இவ்வளவு, அழுக்காத் திருப்பிக் குடுத்தா கழுவுறதுக்கு இவ்வளவு... இதெல்லாம் சின்ன எழுத்துல இருக்கும். நீ கம்ப்யூட்டர் படிச்சவன், பெரிய எழுத்தை மட்டும் படி. பெட்ரோல் ஒரு கேலனுக்கு 8 மைல், 10 மைல்தான் குடுக்கும். நம்ம கணக்குல லிட்டருக்கு 4 கிலோமீட்டர்கூடச் சந்தேகம். 500 மைல் சுத்தினா 50, 60 கேலன் குடிச்சிருக்கும். அப்புறம் ஒவ்வொரு ராத்திரியும் வண்டியை நிறுத்த இடத்து வாடகை தனி. வீட்டுக்கும் வாடகை, வீட்டை வைக்கிற மண்ணுக்கும் வாடகை. இதுக்குப் பேரு சிக்கனம்னு நீ சம்சாரத்துகிட்டச் சொல்லி வச்சிருக்கிறதாவும் உங்கம்மா சொன்னா. தைரியமான ஆளுய்யா நீ.

ஏத்தம் ஆரம்பிச்சா வண்டி இழுக்காது. உடனே "வாடகைக்காரன் மட்டமான வண்டியைக் குடுத்துட்டான்"னு போன் போடாதே. டென்வரே 5,280 அடியில, கடலுக்குச் சரியா ஒரு மைல் மேல உக்காந்திருக்கு. டர்போ இல்லாத இஞ்சினுக்கு ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீதம் பலம் குறையும். காத்துல ஆக்சிஜன் கம்மி, அதான் விஷயம். ஐ-70 நெடுஞ்சாலையில மேற்கே ஏறிப் போனா ஐசன்ஹோவர் சுரங்கம் வரும். 11,158 அடி உசரம், மலைக்குள்ள 2.7 கிலோமீட்டர். 1973-ல ஒரு குகையும் 1979-ல இன்னொண்ணும் திறந்தாங்க. அந்த உசரத்துல உன் இஞ்சின் மூணுல ரெண்டு பங்கு ஆளுதான். ஐசன்ஹோவரோட சம்சாரம் டென்வர்ல வளர்ந்த பொண்ணு. அதுக்காகத்தான் சுரங்கத்துக்கு அவர் பேரை வச்சாங்கன்னு நான் சொல்லலை. மாமனார் ஊர்ல மலையைக் குடைஞ்சு பேர் வைக்கிற அளவுக்கு ஒரு மாப்பிள்ளைக்கு மரியாதை கிடைச்சிருக்கு, உனக்கு உன் மாமனார் ஊர்ல என்ன கிடைச்சதுன்னு யோசிக்கத்தான் சொல்றேன். ஏத்தத்துல வலது ஓரமாப் போ. பின்னாடி நாப்பது கார் சேர்ந்தா எங்கயாவது ஒதுங்கி வழி விடு. அவனும் லீவுல வந்தவன்தான்.

உசிரு போற இடம் ஏத்தமில்லை மாப்ளே, இறக்கம். ஏறுறதுக்கு எந்த கியரோ இறங்குறதுக்கும் அதே கியர், குமுளியில கிளீனர் பையனுக்கே தெரிஞ்ச பாடம் இது. உன்னுது ஆட்டோமேட்டிக்னாலும் லிவர்ல எண் இருக்கும், இல்லாட்டி பாரம் இழுக்கிறதுக்குன்னு ஒரு பட்டன் இருக்கும். கியரைக் குறைச்சு இஞ்சினே வண்டியைப் பிடிச்சுக்கிற மாதிரி இறக்கு. பிரேக்கை விடாம மிதிச்சுக்கிட்டே வந்தா சூடேறி, வேணுங்கிற நேரத்துல பிடிக்காது. டென்வர் பக்கம் இறங்கி வரும்போது அரசாங்கமே போர்டு வச்சிருக்கு: லாரிக்காரங்களே ஏமாறாதீங்க, இன்னும் 4 மைல் இறக்கமும் வளைவும் பாக்கி இருக்குன்னு. கொஞ்ச தூரம் கழிச்சு, நீங்க இன்னும் கீழ இறங்கலைன்னு மறுபடியும் ஒரு போர்டு. எனக்கு ரொம்பப் பிடிச்ச அரசாங்கம் அது, என்னை மாதிரியே பேசுது. ரோட்டோரத்துல மேல்நோக்கிப் போற சரளைப் பாதை தெரியும். பிரேக் போன லாரி போய்ச் செருகி நிக்கிறதுக்குன்னு போட்டது. ஆள் இல்லாம அமைதியா இருக்கேன்னு அங்க நிறுத்தி டீ போட்டுறாதே.

இப்ப சமையல். சம்சாரம் அரிசியும் பருப்பும் மூட்டை கட்டிட்டான்னு கேள்வி. குக்கர் எடுத்தாளா? டென்வர்லயே தண்ணி 95 டிகிரியில கொதிச்சுரும், 12,000 அடியில 88 டிகிரி. தளபுளன்னு கொதிக்கும், பருப்பு மட்டும் அப்பிடியே முழிச்சுக்கிட்டுக் கிடக்கும். குக்கர் இல்லாமப் போனா சாயங்காலம் வச்ச சாம்பாரை மறுநாள் காலையில சாப்பிடலாம், அதுவும் ஒரு அனுபவம்தான். இட்லி மாவை டப்பாவுல இறுக்கி மூடி எடுத்துக்கிட்டுப் போ. மேல போகப் போக வெளிக்காத்தோட அழுத்தம் குறையும், மாவு உள்ளுக்குள்ள பொங்கும். மூடி எந்தக் கணவாயில பறக்குதுன்னு குறிச்சு வை. மிளகா கிள்ளிப் போட்டுத் தாளிக்கிறதுக்கு முன்னாடி ஜன்னலைத் திற, இல்லாட்டி புகை அலாரம் கத்தி மொத்தப் பேரையும் எழுப்பி விட்டுரும். கருவாடு வறுக்கணும்னு ஆசை இருந்தா அடக்கிக்கோ. அங்க கறுப்புக் கரடிக்கு மோப்பம் ஜாஸ்தி, விருந்துக்குக் கூப்பிட்டதா நினைச்சுக்கும். ராத்திரி வெளிய ஒரு பருக்கைகூட வைக்காம, ஜன்னலை மூடிப் படு.

வாடகைக்காரன் சிரிச்ச முகத்தோட வேகமாச் சொல்லிட்டுப் போற ஒரு விஷயம் உண்டு. வண்டிக்கு அடியில மூணு டேங்க். ஒண்ணு நல்ல தண்ணி. ஒண்ணு கிரே டேங்க், குளிச்ச தண்ணியும் பாத்திரம் கழுவின தண்ணியும் போறது. மூணாவது பிளாக் டேங்க். அதுல என்ன போகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிட்டது மொத்தமும் உன்கூடவே மலையேறி, உன்கூடவே இறங்கி வரும். அதைக் கொட்டுறதுக்குன்னு டம்ப் ஸ்டேஷன் இருக்கு. கையுறை மாட்டி, குழாயை இறுக்கிப் பூட்டி, முதல்ல பிளாக்கைத் திற, பிறகு கிரேயைத் திற. சோப்புத் தண்ணி வந்து குழாயைக் கழுவி விட்டுரும். மாத்தித் திறந்தா வேலையும் மாறிப் போகும். முகாம்ல சாக்கடை இணைப்பு இருக்கேன்னு பிளாக் வால்வை நாள் முழுக்கத் திறந்தே போட்டுறாதே. தண்ணி ஓடிப் போயி, கெட்டியானது உள்ளயே கோபுரம் கட்டி நின்னுரும். முக்கால் டேங்க் நிறையட்டும், அப்பத் திற. இதுல இன்னொரு காரியம் இருக்கு: இந்த வேலை யாருதுன்னு வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடியே குடும்பத்துல பேசி முடிச்சுரு. நீ பேசாட்டியும் முடிவு தெரிஞ்சதுதான். அதை ஆம்பளை வேலைன்னு சொல்லி உன் தலையில கட்டுவாங்க. அன்னைக்குத்தான் வீட்டுத் தலைவன் பட்டம் உனக்குக் கிடைக்கும்.

போறதுன்னா நல்ல வழியாப் போ. டென்வர்ல இருந்து எஸ்டெஸ் பார்க், அங்கேருந்து டிரெயில் ரிட்ஜ் ரோடு, கிராண்ட் லேக், அப்புறம் பெர்தூட் பாஸ் வழியா ஐ-70. டிரெயில் ரிட்ஜ் 48 மைல், உச்சி 12,183 அடி. 11 மைல் தூரம் மரமே முளைக்காத உசரத்துல போகும். ஓரத்துல பல இடத்துல தடுப்புக் கம்பியும் இருக்காது. அதனால உன் சம்சாரத்தைப் பள்ளம் தெரியாத பக்கம் உக்கார வை, இல்லாட்டி அவளும் சேர்ந்து பிரேக் போடுவா, வாயால. அந்த ரோட்டை மே கடைசியில திறந்து அக்டோபர் நடுவுல பனிக்கு மூடிருவாங்க. இப்ப சில வருஷமாக் கோடையில அந்த ரோடு இருக்கிற ராக்கி மவுண்டன் பூங்காவுக்குள்ள போக நேரம் குறிச்சு முன்பதிவு கேக்குறாங்க, அதையும் பாத்துக்கோ. காலையிலயே ஏறிரு. ஜூலை, ஆகஸ்ட்ல மத்தியானமானா இடி மின்னல் வரும், மரமில்லாத இடத்துல நீதான் உசரமான பொருள். போன உடனே ஓடியாடாதே, தண்ணி நிறையக் குடி. தலை வலிச்சு வாந்தி வர்ற மாதிரி இருந்தா கீழ இறங்கு, மலைக்கு வந்து வீரம் காட்டினவன் எவனும் ஜெயிச்சதில்லை.

சிக்கனம் பேசி குளிர்காலத்துல எடுக்கலாம்னு நினைக்கிறியா? குழாயில தண்ணி உறைஞ்சு வெடிச்சுரும்னு வண்டியில தண்ணியே விடாமக் குடுப்பாங்க. செப்டம்பர் 1-ல இருந்து மே 31 வரைக்கும் ஐ-70-ல மாரிசன்ல இருந்து டாட்செரோ வரை பனிக்கேத்த டயரோ சங்கிலியோ வேணும்னு சட்டம். வாடகை வண்டிக்குச் சங்கிலி மாட்ட விடுவாங்களான்னு கேட்டுட்டு அப்புறம் சிக்கனம் பேசு.

வண்டியை எடுக்கையில சுத்திச் சுத்தி வீடியோ எடுத்துக்கோ. கூரையையும் விட்டுறாதே. திருப்பிக் குடுக்கிறப்ப பெட்ரோல், கேஸ், டேங்க் மூணும் சொன்ன நிலையில இருக்கணும், சொன்ன நேரத்துக்குப் போயிரணும். இல்லாட்டி முன்பணத்துல இருந்து அவன் உருவுற வேகத்தைப் பார்த்தா, நம்ம சந்தைத் தரகனெல்லாம் தர்மவான்னு தோணும்.

என் பேச்சைக் கேட்டுச் சின்ன வண்டியா எடுத்து, மெதுவா ஏறி, கியர்ல இறங்கி, குக்கரோட போனேன்னா உனக்குக் காசு மிஞ்சும். கேக்காமப் போனேன்னா உனக்குக் கதை மிஞ்சும். காசு மிஞ்சினா எனக்கு ஒத்தைப் பைசா தரமாட்டே. கதை மிஞ்சினா போன் பண்ணி ராத்திரி முழுக்கச் சொல்லுவே. அதனால எதுக்கும் நீ அந்த 30 அடி வண்டியையே எடுத்துருய்யா.