கோபத்தைக் குத்தகைக்கு விட்ட அண்ணன்

பினாங்கில் சனிக்கிழமை இரவு எந்த நாசி கண்டார் கடைக்குப் போனாலும் அவர் இருப்பார். தொலைக்காட்சிக்கு நேர் எதிர் மேசை. முன்னால் 'குவா பஞ்சிர்' கேட்டு வாங்கிய சோறு, நாலைந்து கறிக்குழம்பில் மூழ்கிக் கிடக்கும். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அறுபதைத் தாண்டியிருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். மேலே சிவப்பு ஜெர்சி, முதுகில் 7. வயிறு இருக்கும் பக்கத்தில் அந்தச் சட்டை எப்போதோ ஓய்வு கேட்டு மனுப் போட்டிருக்கும். ஆனால் காலர் மட்டும் விறைப்பாகத் தூக்கி நிற்கும்.

திரையில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். அவர் பார்ப்பது அதை அல்ல. திரையில் எவனாவது பந்தைக் கோட்டை விட்டால் போதும்.

"இதே இடத்துல அவன் இருந்திருக்கணும், தம்பி."

அந்த 'அவன்' யார் என்று கேட்கிறவர் கடைக்குப் புதியவராகத்தான் இருப்பார். கேட்டவரின் ரொட்டி சானாய் ஆறி, தே தாரிக்கில் ஆடை படிந்து, அவர் வீட்டிலிருந்து இரண்டு முறை போன் வந்த பிறகே பதில் முடியும். இந்த வகை மனிதருக்குப் 'பந்து அண்ணன்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஜார்ஜ்டவுனில் கடைக்கு ஒருவர் உண்டு. பெரிய கடையென்றால் இருவர். ஆனால் ஒரே மேசையில் உட்கார மாட்டார்கள்.

பந்து அண்ணனுக்கு 'அவன்' ஒருவன் அல்ல. எந்த வயதுக்காரர் கேட்கிறார் என்பதைப் பொறுத்து ஆள் மாறுவான். நரைத்த தலை எதிரில் இருந்தால் 'அவன்' இசா பக்கார். அண்ணன் அலி பக்கார், தம்பி இசா பக்கார் என்று ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர். நாமாட் அப்துல்லா, ஷாஹாருடின் அப்துல்லா என்று இன்னொரு வீட்டிலிருந்து இரண்டு பேர். எழுபதுகளின் பினாங்குக் குழுவை அண்ணன் விவரிக்கும்போது காற்பந்துக் குழுவைச் சொல்கிறாரா, கல்யாணப் பத்திரிகை வாசிக்கிறாரா என்று சந்தேகம் வரும். 1974இல் பேராக்கை 2-1 என்று வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தை வாங்கியது பினாங்கு. 1953, 1954, 1958 ஆகிய ஆண்டுகளுக்குப் பிறகு நான்காவது முறை. அதற்கப்புறம் அந்தக் கிண்ணம் தீவுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே அண்ணன் அந்த ஒரு நாளை ஐம்பது வருஷமாகச் சிக்கனமாகச் செலவழித்து வருகிறார்.

அந்த இறுதியாட்டத்தை நேரில் பார்த்ததாக அவர் சொல்வார். ஆட்டம் நடந்தது கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில். பினாங்குப் பாலம் வந்ததே 1985இல்தான். பெர்ரி ஏறி, பட்டர்வொர்த் போய், அங்கிருந்து ராத்திரி முழுக்கப் பயணம் செய்து அண்ணன் போயிருக்கிறார். அப்போது அவருக்கு என்ன வயசு என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறவன் மரியாதை தெரியாதவன். அன்று கோலாலம்பூர் போனதாகச் சொல்கிற பினாங்குக்காரர்களை எல்லாம் கூட்டினால், அரங்கில் பேராக்காரர் ஒருவருக்குக்கூட உட்கார இடம் கிடைத்திருக்காது.

நினைவாற்றலில் அண்ணனை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் அந்த நினைவு ஒரு கொள்கையோடு வேலை செய்யும். 1968 இறுதியாட்டத்தில் சிலாங்கூர் நம்மை 8-1 என்று துவைத்ததைக் கேளுங்கள். அந்த வருஷம் முழுக்கத் தனக்கு மலேரியா என்பார். 1977இல் சிங்கப்பூரிடம் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றதைக் கேளுங்கள்; தே தாரிக்கை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "பாய், சீனி கம்மி" என்பார்.

நாற்பது வயதுக்காரர் எதிரில் உட்கார்ந்தால் 'அவன்' உடனே மொரோக்கோ நாட்டுக்காரனாகிவிடுவான். மெர்சாகுவா அப்துர்ரசாக். 1998இல் பினாங்கு லீக் வென்ற காலத்து ஆட்டக்காரர். பிற்பாடு பயிற்சியாளராகவும் இங்கே திரும்பி வந்தவர். அந்தப் பெயரைப் பந்து அண்ணன் இன்றுவரை முழுசாகச் சொன்னதில்லை. "நம்ம ரசாக்கு" என்பார், ஆயர் ஈத்தாமில் கூடப் படித்தவர் மாதிரி. சிட்டி ஸ்டேடியத்தில் ரசாக்கு அடித்த ஒரு கோலை அவர் வருஷா வருஷம் சொல்கிறார். முதலில் பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்தது. பிறகு இருபது அடி பின்னால் போனது. போன தீபாவளிக்கு நடுக்கோட்டுக்கு வந்துவிட்டது. இப்படியே போனால் அந்தப் பந்து கூடிய சீக்கிரம் ரங்கூன் ரோட்டிலிருந்து அடிக்கப்படும். 1932இல் கட்டிய அரங்கம் அது, தாங்கும்.

இளவட்டம் யாராவது வந்து உட்கார்ந்தால்தான் சிவப்புச் சட்டையின் சொந்தக்காரன் வெளியே வருவான். எரிக் கன்டோனா. அண்ணனின் சன்னிதியில் மூலவர் இவர்தான், மற்றவர்கள் பரிவாரம்.

1992 நவம்பரில் லீட்ஸிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட் வந்ததையும், அங்கே இருந்த ஐந்து பருவத்தில் நான்கு லீக் பட்டம் வாங்கியதையும் அண்ணன் இரண்டே வரியில் முடித்துவிடுவார். அவருக்கு வேண்டியது 1995 ஜனவரி 25. கிறிஸ்டல் பேலஸ் மைதானம். கன்டோனாவுக்குச் சிவப்பு அட்டை. வெளியே நடக்கிறார். கூட்டத்திலிருந்து ஒருவன் என்னவோ கத்துகிறான். விளம்பரப் பலகைக்கு மேலே பாய்ந்து ஒரே உதை. இந்த இடத்தில் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து, வலது காலை முடிந்தவரை தூக்குவார். முட்டி ஒத்துழைக்காது, பக்கத்து மேசை தம்ளர் ஒத்துழைக்கும்.

"நான் நேரடியா பார்த்தேன், தம்பி. ஆஸ்ட்ரோவுல. நமக்கு விடியக்காலை."

விடியற்காலை என்பது சரி. ஆனால் ஆஸ்ட்ரோ ஒளிபரப்புத் தொடங்கியதே 1996இல். எதிர் மேசை லிவர்பூல் மாமா இதைக் குறித்து வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து வீசுவார். பந்து அண்ணன் அசைய மாட்டார்: "அப்ப ஆர்டிஎம். எந்த டிவியா இருந்தா என்ன, உதைச்சது உதைச்சதுதானே?"

அதற்குக் கிடைத்த தண்டனைகளைத் தியாகிகள் வரலாறு மாதிரி அடுக்குவார். எட்டு மாதத் தடை. கோர்ட்டில் முதலில் இரண்டு வாரச் சிறை. மேல்முறையீட்டில் அது 120 மணி நேரச் சமூகச் சேவையாக மாறியது. பிறகு 1995 அக்டோபர் 1, லிவர்பூலுக்கு எதிராகத் திரும்பி வந்து பெனால்டியில் கோல். அன்று ஆட்டம் 2-2 என்று சமனில் முடிந்ததையும், லிவர்பூலின் இரண்டு கோலையும் ராபி ஃபௌலரே போட்டதையும் அண்ணன் விட்டுவிடுவார். லிவர்பூல் மாமா அதை மட்டும்தான் சொல்வார். இருவர் சொல்வதையும் சேர்த்துக் கேட்டால் ஒரு முழு ஆட்டம் கிடைக்கும். 1996 எஃப்.ஏ. கிண்ண இறுதியில் அதே லிவர்பூலுக்கு எதிராக, ஆட்டம் முடியும் தறுவாயில், கன்டோனா போட்ட ஒரே கோலைப் பற்றிப் பேச்சு வரும்போது லிவர்பூல் மாமாவுக்குக் கை கழுவ வேண்டியிருக்கும்.

இவ்வளவு உதையையும் ரசிக்கிற மனிதர் நேரில் எப்படிப்பட்டவர்? சாது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஷிஃப்ட் வேலை. தன்னைவிட இருபது வயது இளைய சூப்பர்வைசர் திட்டியபோதெல்லாம் "ஓகே பாஸ்" தவிர வேறு சொல் வாயிலிருந்து வந்ததில்லை. கோயில் கூட்டத்தில் கணக்கு இடித்தால் பக்கத்து ஆளின் முழங்கையை இடிப்பார். எழுந்து கேட்க மாட்டார். காருக்குச் சம்மன் ஒட்டியிருந்தால் ஒட்டிய பையனிடமே, "தம்பி, தள்ளுபடி எந்த மாசம்?" என்று பணிவாகக் கேட்பார். ஆட்டத்தின் நடுவே வீட்டிலிருந்து போன் வந்தால், கன்டோனாவின் காலரோடு எழுந்து கடைக்கு வெளியே போய், "இதோ வந்துட்டேம்மா" என்று சொல்லும் குரல் வேறு ஒருவருடையது.

இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் கோபம் பணக்காரச் சரக்கு. ஒரு தடவை வாய்விட்டுக் கத்தினால் வேலை போகும். வேலை போனால் வீட்டுக் கடன், காடிக் கடன், பிள்ளையின் காலேஜ் என்று வரிசையாக வந்து நிற்கும். அண்ணனிடமும் கோபம் ஏக்கர் கணக்கில் உண்டு. உழத்தான் வசதி இல்லை. அதனால் அதை ஒரு முன்னணி ஆட்டக்காரனிடம் குத்தகைக்கு விட்டுவிட்டார். நிலம் இவருடையது, உழவு அவனுடையது, சனிக்கிழமை விளைச்சலில் ஆளுக்குப் பாதி. நடுவரை முறைத்தவன், தடையை வாங்கிக்கொண்டு காலரை இறக்காமல் திரும்பி வந்தவன், 1997இல் முப்பதே வயதில் 'போதும்' என்று தானாகவே கிளம்பிப் போனவன். ராஜினாமாக் கடிதத்தை இருபது வருஷம் மேசை டிராயரிலேயே வைத்திருந்த மனிதருக்கு, அந்தக் கடைசிக் காரியம்தான் எல்லாவற்றிலும் பெரிய கோல்.

பந்து அண்ணனுக்கு நிஜமான சோதனை 2016இல் வந்தது. பிப்ரவரி 16, சிட்டி ஸ்டேடியம், பினாங்கு பகாங்கை 4-1 என்று வென்ற ஆட்டம். ஃபாயிஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக் ஒரு பக்கம் போவதாகப் போக்குக் காட்டி, காற்றில் மனசு மாறி, மறுபக்கம் திரும்பி வலைக்குள் விழுந்தது. அந்த ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபீஃபாவின் புஸ்காஸ் விருது அதற்குக் கிடைத்தது. ஆசியாவிலிருந்து அதை வாங்கிய முதல் ஆள் அவர்தான். நம் ஊரில், நம் மைதானத்தில் விழுந்த கோல். அண்ணன் துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? சோர்ந்து போனார்.

காரணம் காணொளி. கோடிப் பேர் பார்த்துவிட்டார்கள். தூரத்தை ஓர் அடிகூட நீட்ட முடியாது; காற்றையும் மழையையும் சேர்க்க முடியாது. "நான் அங்க இருந்தேன்" என்றால், "கூட்டத்துல எங்கண்ணே, காட்டுங்க" என்று பிள்ளைகள் படத்தை நிறுத்தித் தேடுகிறார்கள். போதாததற்கு அந்தப் பையன் பரம சாது. 2017 ஜனவரியில் ஜூரிக் மேடையில் பிரேசில் ரொனால்டோ கையால் விருது வாங்கிவிட்டு, எழுதி வைத்த உரையைக் கைப்பேசியில் தேடித் தடுமாறியதை உலகமே பார்த்தது. "நல்ல பையன்தான்," என்றார் அண்ணன். அதில் ஒரு குறை தொனித்தது.

இந்த இனம் அழிந்துவிடுமோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம். சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களின் ஆட்டம். பந்து அண்ணனின் பேரன் நடுவரைப் பார்த்து ஏதோ கத்திச் சிவப்பு அட்டை வாங்கினான். அண்ணன் கோட்டைத் தாண்டி ஓடி, பேரனின் காதைத் திருகினார். "பெரியவங்ககிட்ட இப்படியாடா பேசுறது? மன்னிப்புக் கேளு!" பையன் கேட்பதற்குள் அவரே நடுவரிடம் கைகூப்பி, "சின்னப் பையன், மனசுல வச்சுக்காதீங்க சார்" என்று மூன்று தடவை சொன்னார்.

அன்று இரவு கடைக்கு வந்தவர் சோறு கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். முதல் தே தாரிக்கில் பேரன் நடுவரை ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். இரண்டாவதில் சட்டையைக் கழற்றி வீசியிருந்தான். பில் வரும்போது நடுவர் ஆறடி உயரமாகி இரண்டு அடி பின்வாங்கியிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே கல்லாவில் சில்லறை எண்ணிய பாய் நிமிர்ந்தார்.

"அண்ணே, பேரன் கோல் எதுவும் போட்டானா?"

"கோலா?" என்றார் பந்து அண்ணன், காலரைச் சரிசெய்துகொண்டே. "அத யாரு வேணும்னாலும் போடலாம், பாய்."