அன்னத்தை மிதித்தவர் யார்?

கேள்வி: சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகள்கூட நுவரெலியா விக்டோரியா பூங்காவின் குட்டி ரயிலைக் கண்டதும் குழந்தைகளாகிவிடுவது ஏன்?

பதில்: வசந்தகாலம் எனப்படும் ஏப்ரல் பருவத்தில், மலர்க் கண்காட்சிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் ஊரே திரளும்போது, லயன் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து பஸ் ஏறி வரும் பதினாறு வயதுப் பிள்ளை, தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர் என்ற பதவியில்தான் அந்த ரயிலில் ஏறுகிறது, சுற்று முடிந்து தங்கை இறங்கிய பின்னரும் பொறுப்பாளர் இறங்குவதில்லை. இத்தனைக்கும், 1,898 மீற்றர் உயரத்துப் பட்டிப்பொல நிலையத்துக்கு ஏறும் அசல் ரயிலை, சுற்றுலாப் பயணிகள் கதவில் தொங்கிப் படமெடுக்கும் அதே ரயிலை, அன்றாடம் பார்த்து அலுத்த கண்கள் அவை. வியப்புக்கு அறியாமை தேவை என்பார் கூற்றும் இங்கு முழுமையாகப் பொருந்தாது. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல் உருவான கிரகரி வாவியின் அன்னப் படகு தானாகவே நீந்துவதாகக் கால் எட்டாத வயதில் நம்பிய பிள்ளை, இப்போது மிதிகட்டையை அழுத்தி மூச்சு வாங்கும்போதுதான், அன்று அப்பா ஏன் வாயே திறக்காமல் வந்தார் என்பதைக் கண்டுபிடித்து வாய்விட்டுச் சிரிக்கிறது.