நாளுக்கு ஒரு நிமிடம்

லாரி ஓட்டுகிறவர் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். கண் தெரிகிறது, காது கேட்கிறது என்று கையில் சான்றிதழ் வேண்டும். அதில் கையெழுத்துப் போடுபவர் டாக்டர். அந்த டாக்டருக்குத் தொழில் இன்னும் தெரிகிறதா என்று கேட்கத்தான் நாதியில்லை.

விதி இல்லாமல் இல்லை. ஐந்து ஆண்டில் 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்று 2002இலேயே இந்திய மருத்துவக் கவுன்சில் எழுதிவைத்தது. வகுத்துப் பாருங்கள், நாளுக்கு ஒரு நிமிடம்கூட முழுசாக வராது. பல் தேய்க்கவே அதைவிட நேரமாகும். அந்த நிமிடமாவது படிப்பில் போகிறதா? கருத்தரங்கு நடக்கும் நட்சத்திர ஓட்டல் வாசலில் பெயரைப் பதிந்து, பையை வாங்கிக்கொண்டால் பாதிப் படிப்பு முடிந்தது. குளிர்சாதன அரங்கில் தூங்கினாலும் கல்விப் புள்ளி உண்டு; பிரியாணி முடிந்ததும் கிளம்பினாலும் உண்டு. நடு இரவில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வலிப்பு வந்த கர்ப்பிணியை வைத்துக்கொண்டு, மருந்தளவைச் சரிபார்க்கச் செல்போனில் தேடிப் படிக்கிறாரே ஒரு சின்ன டாக்டர், அவருக்குத்தான் கிடையாது. அவர் பெயரைப் பதிய அங்கே மேசை போடவில்லை.

ஓட்டல் பில்லை யார் கட்டுகிறார்கள் என்று கேட்பது அநாகரிகம். ஆனால் சென்னை அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில், 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அநாகரிகமாகவே கேட்டது. மருந்துக் கம்பெனி டாக்டர்களுக்குத் தரும் பரிசை வருமான வரிக் கணக்கில் தொழில் செலவாகக் காட்ட முடியாது என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பில் வந்த பரிசுகளில் மாநாட்டுக் கட்டணத்தோடு தங்கக் காசு, டி.வி., ஃபிரிட்ஜ், லேப்டாப் எல்லாம் இருந்தன. ஃபிரிட்ஜ் எந்தப் பாடத்துக்கு உபகரணமோ! தங்கக் காசு மட்டும் புரிகிறது, பஸ்பம் செய்யத்தான்.

மருந்துக் கம்பெனி காசில் கருத்தரங்குக்குப் போகாதே என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று விதி போட்டது. மருந்தின் பொதுப்பெயரை எழுது என்றும் சொன்னது. டாக்டர் சங்கம் கொதித்தது. ஆகஸ்ட் 23 அன்று விதி நிறுத்திவைக்கப்பட்டது. பிறந்து 21 நாள். பெயர் சூட்டிய கையோடு படுக்க வைத்துவிட்டார்கள்.

இதெல்லாம் சிரிக்கத்தான் என்றால் சிந்த்வாராவுக்குப் போய்ச் சிரியுங்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் அந்த மாவட்டத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள். நஞ்சு கலந்தது ஆலையின் குற்றம், கண்டுபிடிக்காதது அரசின் குற்றம். ஆனால் குளோர்பெனிரமினும் பினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்துக் கலவையை நான்கு வயதுக்குக் கீழே தராதே என்று 2023 டிசம்பரிலேயே டெல்லியிலிருந்து எச்சரிக்கை போயிருந்தது. அந்த மருந்திலும் இவ்விரண்டும் இருந்தன. எச்சரிக்கை எத்தனை கிளினிக்கின் மேசைவரை போனது, யார் வாசித்தார்கள் என்று எந்தக் கவுன்சில் போய்ப் பார்த்தது? பிரியாணிக்குப் புள்ளி போட்ட கைகளுக்கு அதற்கு ஏது ஓய்வு?

பட்டமில்லாமல் ஊசி போடுகிறவனைப் பிடித்துப் போலீஸ் படம் எடுத்துப் பத்திரிகைக்குத் தருகிறது. நல்லது, பிடிக்கட்டும். முப்பது ஆண்டுக்கு முன் பட்டம் வாங்கி, அதன்பின் விற்பனைப் பிரதிநிதி நீட்டும் வழவழத் தாளைத் தவிர எதையும் புரட்டாதவர் எந்தக் கணக்கில் வருவார்? பிரிட்டனில் 2012 டிசம்பரிலிருந்து ஒவ்வொரு டாக்டரும் ஐந்தாண்டுக்கொருமுறை தன் தகுதியை மறுபடி நிரூபித்தாக வேண்டும். அது வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு ஆகாது. அங்கிருந்து ஸ்டெதாஸ்கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம்.