நீர் யார் என்பதற்கு என்ன அத்தாட்சி?

விருத்தாசலம் வாசகர்: சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் போக உத்தேசம். சமுத்திரத்தைக் கடப்பதால் பாஸ்போர்ட் வேண்டுமா?

சமுத்திரத்தைக் கடப்பவரெல்லாம் தேசத்தைக் கடந்துவிடுவதில்லை. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் வங்காள விரிகுடாவில் ஆடி அசைந்து, மூன்று நாள் பொழுதைக் கழித்து, தலைசுற்றல் தீர்ந்து நீர் கரையேறும் பூமியும் இந்தியாவே ஆதலால், இந்தியப் பிரஜைக்குப் பாஸ்போர்ட் கட்டாயமில்லை. அரசாங்கம் வழங்கிய, புகைப்படமுள்ள அடையாள அட்டை போதும். அங்கே நீர் இறங்கும், போர்ட் பிளேர் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஊர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. ஊர் தன் பெயரை முழுவதுமே மாற்றிக்கொள்ளலாம். நீர் மட்டும் டிக்கெட்டில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு போய் நிற்க முடியாது.

அதே வாசகர்: அப்படியானால் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கும் அவ்வாறே போகலாம் அல்லவா?

அவசரப்படாதேயும். அங்கே நீர் யார் என்பதோடு, ஏன் வருகிறீர் என்பதையும் கேட்பார்கள். தீவுவாசியல்லாத இந்தியரும் முன்கூட்டியே அனுமதிச்சீட்டு பெற்றாக வேண்டும் என்பது 1967-ஆம் ஆண்டு விதி. சிறிய தீவுகளில் வாழும் பழங்குடி மக்களை வந்தேறும் கூட்டத்திலிருந்து காப்பதற்காக ஏற்பட்டது, நியாயமானதுதான். வாக்காளர் அட்டை ஒன்றை வைத்துக்கொண்டு விமானமேறி அந்நிய ராஜ்யமாகிய நேபாளத்தில் நீர் இறங்கிவிடலாம். அதே அட்டையை மட்டும் நம்பி நம்முடைய லட்சத்தீவின் கவரத்தியில் இறங்க முடியாது. பூகோள சாஸ்திரத்துக்கும் சட்ட சாஸ்திரத்துக்கும் உள்ள பங்காளிக் காய்ச்சலில் நாம் தலையிடுவதற்கில்லை.

சங்கரன்கோவில் வாசகர்: எனக்குப் பெயர் ஒன்று, தலைப்பெழுத்து ஒன்று. விமான டிக்கெட்டு கேட்கும் ‘குடும்பப் பெயரு’க்கு நான் எங்கே போவேன்?

தமிழனை ஆகாயத்தில் ஏறவிடாமல் இழுத்துப் பிடிக்கும் புவியீர்ப்பு இதுதான். சாதிப் பெயரை வாலாகச் சுமக்கும் வழக்கத்தை விட்டொழித்து, தந்தையின் பெயரில் ஓரெழுத்தை மட்டும் முன்னால் நிறுத்திக்கொண்ட நாம், இந்த உத்தமமான ஏற்பாட்டை உலகம் ஒப்புக்கொள்ளும் என்று நம்பியிருக்க, டிக்கெட்டு யந்திரத்தைச் சமைத்தவர்களோ மனிதப் பிறவி எடுத்த எவனுக்கும் பின்பெயர் ஒன்று இருந்தே தீரும் என்று நிர்ணயித்து, இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் நீட்டிய பணத்தையும் வாங்காதபடி அதைப் பழக்கிவிட்டார்கள். ஆகவே நம்மவர் அங்கே தகப்பனார் பெயரை விரித்து எழுதுகிறார்கள்; அதன் பலனும் உடனே கிடைக்கிறது. ஒரு விமான நிலையத்தில், சிவபதம் அடைந்து முப்பது ஆண்டுகளான என் தந்தையை, உடனே மூன்றாம் வாயிலுக்கு வரும்படி ஒலிபெருக்கியில் கூவி அழைத்தார்கள். இரண்டு முறை அநுதாபத்தோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் முறைதான் எழுந்து ஓடினேன்.

ஆதாரில் தலைப்பெழுத்தும், தலைப்பெழுத்தைச் சகியாத பான் அட்டையில் விரித்தெழுதிய பெயரும் இருப்பது நம்மில் பலருடைய ஜாதகம். போதாக்குறைக்கு நம் ‘ழ’கரம் இங்கிலீஷில் ஓர் அட்டையில் ஓரெழுத்தாகவும் இன்னொன்றில் ஈரெழுத்தாகவும் அவதாரம் எடுத்திருக்கும். எந்த அட்டையைக் கையில் கொண்டு போவீரோ, அதைப் பார்த்தே டிக்கெட்டுக்குப் பெயர் கொடும்.

கும்பகோணம் வாசகர்: கெஜடட் அதிகாரி பச்சை மையில் கையெழுத்திட்ட ஜெராக்ஸ் பிரதி செல்லுமா?

பச்சை மைக்கு மற்றெங்கும் மகிமை உண்டு. விமான நிலைய வாயிற்காவலரிடம் இல்லை. அவருக்கு மூலமே வேண்டும். 2017-இல் வெளியான உத்தரவு, பாஸ்போர்ட் முதல் அரசுடைமை வங்கியின் புகைப்படம் ஒட்டிய பாஸ்புத்தகம் வரையில் பத்து வகைகளை ஏற்கிறது. செல்பேசியில் காட்டும் ஆதாரும் அதில் சேர்த்தி. பத்தில் ஒன்றுமே இல்லாத பாக்கியவானுக்கு, ‘ஏ’ பிரிவு கெஜடட் அதிகாரி தம் அலுவலகத் தாளில், புகைப்படத்துக்கும் சான்றளித்துத் தரும் அடையாளப் பத்திரம் உதவும். அங்கே அவர் எந்த மையில் எழுதினாலும் சரி.

ஆம்பூர் வாசகி: கைக்குழந்தைக்கு?

தக்க அட்டையோடு பெற்றோர் கூட வந்தால் காவலர் குழந்தையிடம் ஒன்றும் கேட்கமாட்டார். விமானக் கம்பெனிதான், இரண்டு வயது நிரம்பாதவர்க்கு மடியே ஆசனம் என்ற சலுகையை எண்ணி, பிறப்புச் சான்றிதழ் கேட்கும். அதை எடுத்துக்கொண்டு போம், அம்மணி.

கோவை வாசகர்: முகத்தைக் காட்டினாலே விமான நிலையக் கதவு திறக்கிறதாமே, இனி அட்டை எதற்கு?

2022 டிசம்பரில் தில்லி, பெங்களூரு, வாராணசி ஆகிய மூன்று ஊர்களில் தொடங்கிய டிஜி யாத்ராவைச் சொல்கிறீர். முதலில் ஆதாரைக் கொண்டு முகத்தைப் பதிந்து, பிறகு போர்டிங் பாஸையும் ஏற்றினால்தான் கதவுக்கு உம்மைத் தெரியும். சேர்வதும் சேராததும் உம் இஷ்டம். மீசையை எடுத்த மறுநாள் நான் அதன் முன் நின்று பார்த்தேன். கதவு திறந்துவிட்டது. வீடு திரும்பியபோது கதவைத் திறந்த பேரன்தான், யார் வேண்டும் என்று கேட்டான்.