நஷ்ட ஈடு வாங்காமல் இருக்கச் சில யோசனைகள்

"இன்சூரன்ஸ் எடுங்க அண்ணாச்சி" என்று சொல்ல ஊரில் நூறு பேர் உண்டு. எடுத்த பாலிசியிலிருந்து ஒரு பைசாகூட வந்துவிடாதபடி பொம்மைக் கடை நடத்துவது எப்படி என்று சொல்லித்தரத்தான் ஆளில்லை. அனுபவஸ்தர்கள் இதை யாரும் சொல்லாமலே செய்துவருகிறார்கள். புதிதாகக் கடை போடுகிறவர்களுக்காக இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதல் வேலை, பாலிசியைப் படிக்காமல் இருப்பது. கேஷ் கிரெடிட் வாங்கிய அன்று பேங்க்கில் நீட்டிய தாள்களோடு அதுவும் வந்தது, கையெழுத்துப் போட்டாயிற்று, போதும். பேங்க் தன் கடனை மனதில் வைத்துத் தொகை போட்டிருக்கும். உங்கள் சரக்கு அதைப்போல இரண்டு மடங்கு இருந்தால் வாயைத் திறக்காதீர்கள். சரக்கு 40 லட்சம், பாலிசி 20 லட்சம், எரிந்தது 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இருபதுக்குள்தானே பத்து, முழுசாக வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். பாதிச் சரக்குக்குத்தான் பிரீமியம் கட்டினீர்கள், ஆகவே நஷ்டத்திலும் பாதிதான் என்று 5 லட்சத்தில் நிறுத்துவார்கள். இதற்கு 'ஆவரேஜ்' என்று பெயர். ஒரே ஒரு ஆபத்து உண்டு. 2021 ஏப்ரலில் சின்னக் கடைகளுக்கென்று வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில், ஓரிடத்தில் மொத்த மதிப்பு 5 கோடிக்குள் இருந்தால், 15 சதவீதம் வரை குறைத்துக் காட்டியதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். எனவே குறைப்பது என்று முடிவு செய்தால் தாராளமாகக் குறையுங்கள். தீபாவளிக்குச் சரக்கு குவியும்போது தொகையைக் கூட்டச் சொல்லி ஏஜென்ட்டுக்குப் போன் போடுகிற கெட்ட பழக்கமும் வேண்டாம்.

பாலிசியில் கடை முகவரி மட்டும் இருக்கட்டும். மிச்சச் சரக்கைப் பக்கத்துத் தெருவில் மச்சான் வீட்டு மாடியில் அடுக்குங்கள். காப்பீடு முகவரியைக் கட்டிக்கொண்டு கிடக்கும். அட்டைப்பெட்டி பின்னால் மாடியேறி வராது. மாடி கிடைக்காவிட்டால் ஏதாவது அடித்தளம் பிடியுங்கள். சென்னைக்காரர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்துவிட்டால் பெட்டிகளைத் தரையிலேயே வைக்கலாம், பலகைச் செலவு மிச்சம்.

தீ விஷயத்தில் பொம்மைக் கடைக்கு இயற்கையே துணை. கூரைவரை தொங்குகிற கரடிகள் எல்லாம் பாலியஸ்டர் பஞ்சு. கல்லாவுக்கு மேல் சாமி படம், படத்துக்கு முன்னால் விளக்கு, விளக்குக்கு அரையடி தள்ளிப் பிளாஸ்டிக் மாலை. இருக்கிற ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நாலு ரிமோட் காரை ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டு ஷட்டரை இறக்குங்கள். தீயணைப்பு சிலிண்டரை மூன்றடி டெடி கரடிக்குப் பின்னால் நிறுத்துங்கள். அதில் தொங்கும் ரீஃபில் சீட்டில் தேதி என்ன என்று அந்தக் கரடிக்குத் தெரிந்தால் போதும். ஐப்பசியில் 'சீசன்தானே' என்று கேப் துப்பாக்கியோடு நாலு பெட்டி பட்டாசும் வாங்கிப் பின்கட்டில் வைத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மட்டும் சொல்லாமல் இருந்துவிட்டால், நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்குப் பாதி வேலை மிச்சம்.

திருட்டுக் காப்பீடு கொஞ்சம் நுட்பமானது. பூட்டை உடைத்தோ ஷட்டரை நெம்பியோ ஆள் உள்ளே வந்ததற்கு அடையாளம் இருந்தால் பணம் தந்துவிடுவார்கள். ஆகவே பையன் டீ குடிக்கப் போகும்போது ஷட்டரைப் பாதி இறக்கி, பூட்டாமல் போகச் சொல்லுங்கள். வருஷக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது குறைகிற சரக்கு எந்தக் கணக்கிலும் வராது. அரை டிராயர் பையில் போன ஹாட் வீல்ஸ் கார்களை எண்ணி மனதைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

இனி விற்கிற சரக்கு. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினைக் கலைஞர்களுக்கு விலக்கு உண்டு என்று யாரோ சொன்னதை வைத்து, இறக்குமதி பிளாஸ்டிக் டைனோசரையும் கைவினைப் பொருள் என்று வாதாடிப் பாருங்கள். முதல் தடவை மாட்டினால் அபராதம் 2 லட்சத்துக்குக் குறையாது, இல்லையேல் இரண்டு வருஷம் வரை சிறை. இதற்கு எந்தப் பாலிசியும் பணம் கட்டாது.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் பொம்மையைச் சோதிக்க ஒரு சின்ன உருளை வைத்திருக்கிறார்கள். உள்விட்டம் 31.7 மி.மீ., ஏறக்குறைய பழைய பிலிம் ரோல் டப்பா. கழன்று வந்த சக்கரமோ கண்ணோ அதற்குள் முழுசாக அடங்கினால் குழந்தையின் தொண்டையிலும் அடங்கும். நீங்கள் அந்தக் கண்ணைத் திருகிப் பார்க்காதீர்கள். பட்டன் பேட்டரி மூடிக்குத் திருகாணி இருக்கிறதா என்றும் பார்க்காதீர்கள், விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடக்கூடிய சமாசாரம் அது. (இந்த ஒரு பத்தியை மட்டும் தலைகீழாகக் கடைப்பிடித்தால் எனக்கு வருத்தமில்லை.)

பில் இல்லாமல், செய்தவர் பெயர் இல்லாமல் வருகிற மூட்டைச் சரக்கு லாபமானது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளால் தீங்கு நேர்ந்தால் விற்றவர் பதில் சொல்ல வேண்டும். அதாவது பெயரில்லாப் பிள்ளைக்கு நீங்களே தகப்பன். கடைக்குள் கோலி உருண்டு வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தால் அது ஒரு காப்பீடு, விற்ற பொம்மை அவர் வீட்டில் வெடித்தால் அது வேறொரு காப்பீடு. முதலாவதை எடுத்துவிட்டு இரண்டும் அதில் அடக்கம் என்று நம்பிக்கொள்வது நல்லது.

இவ்வளவுக்கும் பிறகு தீப்பிடித்தால் பதற்றம் வேண்டாம். உடனே தகவல் சொல்லாதீர்கள், பத்து நாள் துக்கம் அனுஷ்டியுங்கள். சர்வேயர் வருவதற்குள் கரிந்ததையெல்லாம் அள்ளிக் குப்பை வண்டியில் ஏற்றி, வெள்ளையும் அடித்துவிடுங்கள். ஸ்டாக் ரிஜிஸ்டரும் பர்ச்சேஸ் பில்லும் கல்லாவிலேயே இருந்ததால் அவையும் சாம்பல். நகல் ஆடிட்டரிடம் இருப்பதை நினைவுபடுத்திக்கொள்ளாதீர்கள்.

கம்பெனி கைவிரித்த பின்னும் ஒரு வழி மிச்சமிருக்கிறது, அதையும் அடைத்தாக வேண்டும். கம்பெனிக்கே முதலில் எழுதிப் பார்த்துவிட்டு, இந்தப் புகார்களை விசாரிக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தனி உரிமையாளர் கடைகளும் குறுந்தொழில்களும் போகலாம், கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை, சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கைவிரித்த நாளிலிருந்து ஒரு வருஷம் அவகாசம். அந்த ஒரு வருஷத்தையும் "இன்சூரன்ஸ்காரனுங்களே இப்படித்தான்யா" என்று டீக்கடை பெஞ்சில் சொல்லிக் கழித்துவிட்டால் வேலை சுத்தமாக முடிந்தது.